ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டால் போதுமா?

கேள்வி: வீட்டுக்குப் புதிதாக விண்டோஸ் 11 கம்ப்யூட்டரும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கும் வாங்கினேன். குடும்பப் படங்களை எல்லாம் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். இனி பயமில்லை அல்லவா? ஆண்டுச் சந்தாவில் பேக்கப் சாஃப்ட்வேர் ஒன்றும் வேண்டும் என்கிறார் விற்றவர். வாங்கலாமா?

பதில்: சாஃப்ட்வேர் வேண்டாம். ஆனால் பயம் தீர்ந்துவிடவில்லை. ‘மாற்றிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கட் செய்து பேஸ்ட் செய்திருந்தால், அந்தப் படங்கள் இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. அதுவும் கைதவறிக் கீழே விழக்கூடிய ஒரு பெட்டியில். முதல் வேலையாக அவற்றைக் கம்ப்யூட்டரின் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். இரண்டு இடத்தில் இருந்தால்தான் பேக்கப்.

விண்டோஸிலேயே ‘ஃபைல் ஹிஸ்டரி’ என்ற வசதி இருக்கிறது. 2012-ல் விண்டோஸ் 8-உடன் வந்தது, இலவசம். டிஸ்க்கைச் செருகி, கன்ட்ரோல் பேனலில் ‘சிஸ்டம் அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘ஃபைல் ஹிஸ்டரி’, அங்கே ‘டர்ன் ஆன்’. அவ்வளவுதான். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் மாறியதை, டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கொரு முறை எடுத்துவைக்கும். பழைய பிரதியையும் அழிக்காமல் வைத்திருக்கும். இதை ஏன் இவ்வளவு உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். ‘பேக்கப்’ என்று தேடினால், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்றச் சொல்லும் ‘விண்டோஸ் பேக்கப்’தான் முன்னால் வந்து நிற்கிறது. அதில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. வீடியோக்கள் சிலவற்றிலேயே நிரம்பிவிடும், பிறகு சந்தா. கையில் டிஸ்க்கை வைத்திருப்பவரை இப்படி அலைக்கழிப்பது நியாயமே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். புதுக் கம்ப்யூட்டரை முதல் முறை திறந்தபோது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருப்பீர்கள். அப்போதே உங்கள் பிக்சர்ஸ் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். படத்தின் பக்கத்தில் சிறிய மேகக்குறி தெரிந்தால், அந்தப் படம் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஃபைல் ஹிஸ்டரி அதைத் தொடாது. ‘விட்டுவிட்டேன்’ என்று சொல்லவும் சொல்லாது. ஆகவே ஃபோல்டர் மீது ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுங்கள். மேகம் போய்ப் பச்சை வட்டத்தில் டிக் வரும்வரை காத்திருங்கள். ஃபோல்டர் பெரிதாக இருந்தால் நேரம் பிடிக்கும்; பாதியில் நிறுத்திவிடாதீர்கள். அது முடிந்த பிறகுதான் பேக்கப்.

விண்டோஸ் முழுவதையும் எடுத்துவைக்க வேண்டாம். அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், படங்களை அப்படிப் பெற முடியாது.

டிஸ்க்கை எங்கே வாங்கினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆன்லைனில் பெயர் தெரியாத விற்பனையாளர்கள் ‘16 டிபி’ என்று அடிமாட்டு விலைக்கு விற்பவற்றில் பல சுத்த மோசடி. பளபளப்பான உறைக்குள் இருப்பது சிறிய மெமரி கார்டு. 16 டிபி என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றிவைத்திருப்பார்கள். காப்பி தடையின்றி ஓடும், ஃபைல் பெயர்கள் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டர் படுக்கும் நாளில்தான் அது தெரியவரும். அதற்குள் விற்றவர் கடையையே மூடியிருப்பார். சந்தேகம் இருந்தால், படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்த பிறகு, பேக்கப் தொடங்கும் முன் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். டிஸ்க் நிரம்பும்வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையான அளவைச் சொல்லிவிடும்.

டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நுழைந்தால், இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். வாரம் ஒருமுறை செருகுங்கள், ஃபைல் ஹிஸ்டரியில் ‘ரன் நவ்’ அழுத்துங்கள், முடிந்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்துக் கழற்றி வேறு அறையில் வையுங்கள்.

முதல் பேக்கப் முடிந்த அன்றே டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். ‘ஃபைல்ஹிஸ்டரி’ என்ற ஃபோல்டருக்குள் உங்கள் படங்கள் இருக்கும். பெயருக்குப் பின்னால் தேதி, நேரம், ‘யூடிசி’ (உலகப் பொது நேரம்) என்று ஒட்டியிருக்கும். அதைக் கண்டு மிரள வேண்டாம். நாலைந்து படங்களையாவது திறந்து பாருங்கள். திறந்தால் பேக்கப் சரி. ஆனால் அதை நம்பி, கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று அங்கிருந்து எதையும் அழித்துவிடாதீர்கள், இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.