என்ஜின் மாற்றிய பிறகு ஐடிலிங்கில் மட்டும் குலுங்கினால்

காரில் என்ஜின் மாற்றிய பிறகு கார்புரேட்டரை (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) ஒருமுறை கழற்றிப் பார்த்தும் குலுக்கல் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதை மறுபடி கழற்றாதீர்கள். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, குலுங்கி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது.

ஐடிலிங்கில் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) கிட்டத்தட்ட மூடியிருப்பதால் மேனிஃபோல்டுக்குள் (கலவையை என்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாய்) உறிஞ்சல் அதிகம். சின்ன ஓட்டை இருந்தாலும் கலவையில் பெட்ரோல் பற்றாமல் போகும். த்ராட்டில் திறந்தால் அந்த ஓட்டை பொருட்டே இல்லை. ஸ்பார்க் பிளக் வயர்கள் இடம் மாறியிருந்தால் வேகத்திலும் இழுக்காது, அதனால் அதை இப்போதைக்கு விடுங்கள்.

முதலில் பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதியை இலகுவாக்கும் பாகம்) போகும் தடித்த ஹோஸைக் கவ்வி அடையுங்கள். என்ஜின் மாற்றும்போது பழைய ஹோஸை அப்படியே இழுத்து மாட்டியிருப்பார்கள், வளைவுக்கு அடிப்பக்கம் வெடித்திருக்கலாம், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மற்ற சின்ன ஹோஸ்களையும் ஒவ்வொன்றாக அடையுங்கள். எதை அடைத்ததும் ஓட்டம் சீராகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு.

அதிலும் மாற்றமில்லையா? கார்புரேட்டர் அடி, மேனிஃபோல்ட் கேஸ்கட் (இணைப்பை அடைக்கும் பட்டை) ஓரமாக கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயைத் துளித்துளியாக அடியுங்கள். ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) மாறும் இடத்தில் கசிவு. ஆனால் அது பற்றி எரியும் சரக்கு: என்ஜின் சூடாகும் முன்பே செய்யுங்கள், சைலன்சர் பக்கம் வேண்டாம், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. நல்ல என்ஜினில் முள் சுமார் 17 முதல் 21 அங்குல (பாதரச அளவு) உறிஞ்சலில் அசையாமல் நிற்கும். குறைவாக நின்றால் கசிவோடு டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் அந்த நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்துப் பார்த்துவிடுங்கள்.