எக்செலில் 10,000 ரூபாய்க்கு மேல் பாக்கி உள்ளவர்களை வடிகட்டினால் சில பெயர்கள் விடுபடுவது ஏன்?

நீங்களும் ஒரு கடையின் பாக்கிப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பில்டரைக் குறை சொல்வதற்கு முன், தொகைப் பத்தியில் இருப்பவை எல்லாம் எண்கள்தாமா என்று பாருங்கள்.

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு எங்களிடமிருந்து கடனுக்குச் சரக்கு போகும். ஒரு தீபாவளி வசூலுக்கு முன், 10,000 அல்லது அதற்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை முதலாளி கேட்க, எங்கள் மூத்த கணக்குப்பிள்ளை வடிகட்டிக் கொடுத்தார். அதில் உசிலம்பட்டிக் கடைக்காரர் ஒருவரின் பெயர் இல்லை. அந்தக் கடைக்காரர் கணக்குப்பிள்ளைக்கு உறவினர் என்பதால், வேண்டுமென்றே மறைத்துவிட்டார் என்று கடைக்குள் பேச்சு எழுந்தது. பேரேட்டுக் காலத்திலிருந்து ஒரு பைசா பிசகாமல் எழுதி வந்த மனிதர், அன்று மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

நான் பில்டரை நீக்கிவிட்டுப் பத்தியை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். மற்றத் தொகைகள் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்க, அந்த 12,500/- மட்டும் இடப்புறம் ஒதுங்கியிருந்தது. லைனுக்குப் போகும் பையன் ரசீதில் எழுதுவதைப் போலவே அடித்திருக்கிறான். கடைசி இரண்டு குறிகள் சேர்ந்ததும் எக்செலுக்கு அது தொகை அல்ல, எழுத்து. 'பெரியது அல்லது சமம்' என்ற நிபந்தனை எண்களை மட்டுமே ஒப்பிட்டு, எழுத்தை விட்டுவிடும். பக்கத்துப் பத்தியில் இஃப் சூத்திரம் போட்டு >=10000 என்று சோதிப்பது இன்னும் ஆபத்தானது; அங்கே எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியதாகக் கொள்ளப்படுவதால், 300/- பாக்கி உள்ளவரும் பட்டியலில் வந்துவிடுவார்.

முதலாளி அப்போதே கணக்குப்பிள்ளையிடம் வருத்தம் தெரிவித்தார். பேசியவர்கள் தெரிவிக்கவில்லை, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பத்தியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் ஹெச் மூலம் /- என்பதை வெறுமையாக மாற்றுங்கள். கட்டத்தின் வடிவம் 'டெக்ஸ்ட்' என்றிருந்தால் அதன் பிறகும் எழுத்தாகவே நிற்கும். 'டேட்டா' பகுதியில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' திறந்து 'பினிஷ்' அழுத்தினால் எண்ணாகிவிடும். பிறகு கவுண்ட் (COUNT), கவுண்ட்ஏ (COUNTA) என்ற இரண்டு சூத்திரங்களையும் அந்தத் தொகைகளுக்குப் போடுங்கள். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது காலியாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாக வடிகட்டலாம்.

திருமங்கலத்தில் 25,000க்கு மேல், உசிலம்பட்டியில் 10,000க்கு மேல் என்று ஊருக்கு ஊர் வரம்பு மாறினால் 'அட்வான்ஸ்டு பில்டர்' வேண்டும். அதற்கான நிபந்தனைகளைத் தாளில் தனி இடத்தில் எழுத வேண்டும். அங்கே ஒரே வரிசையில் எழுதும் நிபந்தனைகள் சேர்ந்து பொருந்த வேண்டும். அடுத்த வரிசையில் எழுதுவது 'அல்லது' ஆகும். நிபந்தனைப் பகுதியில் ஒரு வெற்று வரிசை சேர்ந்துவிட்டால் மொத்தப் பட்டியலும் வந்து நிற்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, பில்லிங் மென்பொருள் வாங்கலாமே என்று சிலர் இங்கே எழுதக்கூடும். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அதை விற்க வந்தவர் கோப்பே கெட்டுவிட்டது என்று சாதித்தாரே தவிர, அந்த ஒரு கட்டத்தை உற்றுப் பார்க்கவில்லை. எழுத்துக்கு நிறம் பூசுவதை நாள்கணக்கில் சொல்லித்தரும் பயிற்சி மையங்கள் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

இப்போது தொகைப் பத்திக்கு 'டேட்டா வேலிடேஷன்' போட்டு, எண்ணைத் தவிர எதையும் ஏற்காதபடி வைத்திருக்கிறேன். ஒட்டிப் போடும் தொகைகளை அது தடுக்காது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலை நகலெடுத்து ஒட்டும்போதெல்லாம் அந்தக் கவுண்ட் சோதனையை மறுபடி செய்யுங்கள்.