லிங்கைத் திறந்தால் மைக்ரேட் ஓடும் என்றால்...

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு கமக்காரர் அமைப்பின் இணையத்தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். லாரவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் செய்தது, சிறுபோகக் காணிப் பதிவு அதில்தான். ஹோஸ்டிங்கில் எஸ்எஸ்எச் இல்லை, அதாவது தூரத்திலிருந்து சேர்வரில் கட்டளை தட்ட வழியில்லை. அட்டவணையில் ஒரு நிரல் (கொலம்) கூட்டவேண்டுமென்றாலும், தளம் செய்து தந்தவர் தன்னிடமுள்ள இரகசிய லிங்கைத் திறந்து, தரவுத்தள அட்டவணைகளை மாற்றும் மைக்ரேட் கட்டளையை ஓட்டிவிட்டுக் காசு கேட்கிறார். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சீபனலின் கடவுச்சொல்லை இப்போதுதான் வாங்கினோம். அதேபோல் நானும் எழுதலாமா? பிஎச்பியிலிருந்து வெளிக்கட்டளையை ஓட்டும் எக்ஸெக்கைப் போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை.

பதில்: எழுதலாம் தம்பி. ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது.

மலிவு ஹோஸ்டிங்கில் எக்ஸெக்கைப் பூட்டித்தான் வைப்பார்கள். திறந்துவிடச் சொல்லிக் கெஞ்சவேண்டாம். லாரவெலில் ஆர்ட்டிசன் கோல் என்று எழுதினால் கட்டளை வெளியே போகாமல் அதே பிஎச்பிக்குள் ஓடிவிடும். உங்கள் ஆளின் இரகசியம் இவ்வளவுதான், ஒற்றை வரி.

அந்த லிங்க்தான் எனக்குப் பயம். அதை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள்: முன்னோட்டம் காட்டுவதற்காகச் செயலியே அதை ஒருமுறை திறந்துவிடும். கட்டளை ஓடிவிட்டது! அதற்குள் இருப்பது மைக்ரேட் ஃபிரெஷ் என்றால் எல்லா அட்டவணையும் அழிந்து வெறுமையாகத் திரும்ப உருவாகும். இணையத்தில் வரும் கோரிக்கைக்கு நேர எல்லையும் உண்டு. பாதியில் அறுந்தால், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் அட்டவணை மாற்றத்தைத் திருப்பி எடுக்காது.

சீபனலில் க்ரொன் ஜொப் என்று, குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் ஒரு பகுதி இருக்கும். எஸ்எஸ்எச் இல்லாதவர்களுக்கு அதுதான் பின்வாசல். மைக்ரேட் கட்டளையை ஃபோர்ஸ் என்ற சொல்லோடு அங்கே எழுதி, ஐந்து நிமிடம் கழித்து ஓடும்படி நேரம் வையுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் 'உண்மையாகத்தானா?' என்று கேட்கும். பதில் சொல்ல அங்கே ஆளில்லை. சேர்வரின் நேரம் எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கக்கூடும், பார்த்து வையுங்கள். பிஎச்பியின் முழுப் பாதையையும் எழுதுங்கள், இல்லையென்றால் பழைய பதிப்பு ஓடித் தொலைக்கும். ஓடின பிறகு அந்த வரியை அழியுங்கள்.

க்ரொனும் இல்லாத ஹோஸ்டிங் என்றால் மட்டும் நிரலுக்குள் எழுதுங்கள். அதுவும் லிங்காக வேண்டாம், பொத்தானாக. போஸ்ட் கோரிக்கை (லிங்கைத் திறந்தால் மட்டும் ஓடாதது), நிர்வாகி லொகின், அதற்கு மேல் கடவுச்சொல்லை இன்னொரு முறை கேட்பது. எந்தக் கட்டளை என்பதை நிரலிலேயே எழுதிவிடுங்கள். படிவத்தில் தட்டின சொல்லை ஒருபோதும் ஓட்டாதீர்கள். புதுத்தளத்தின் முதல் மைக்ரேஷன் என்றால் பயனர் அட்டவணையே இருக்காது, பிறகு எங்கே லொகின்? அதற்காக லொகினைக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்ட மறந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கணினியில் ஓட்டி எஸ்க்யூஎல் கோப்பாக எடுத்து, தரவுத்தளத்தை உலாவியில் கையாளும் பிஎச்பிமைஅட்மின் வழியாக ஏற்றுங்கள். பொத்தானையும் வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

எஸ்எஸ்எச் ஏன் இல்லை என்று கேட்டால் 'பாதுகாப்பு' என்பார்கள். கூடுதலாகக் காசு கட்டும் பொதிக்கு மாறினால் அந்தப் பாதுகாப்பு எங்கே போகிறதோ தெரியாது. வன்னியில் திட்டக் காசில் தளம் கட்டுகிறார்கள், திறப்புவிழாவில் படம் எடுக்கிறார்கள். பராமரிப்புக்கு வரவுசெலவில் ஒரு வரி இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் இப்படியான ஆட்கள் புகுந்து, ஒரு வரி நிரலை வாடகைக்கு விடுகிறார்கள். காசைவிட டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அவர் பெயரில் என்றால் சீபனல் கடவுச்சொல் உங்களிடம் இருந்தும் தளம் உங்களுடையதல்ல. அமைப்பின் பெயருக்கு மாற்றி எழுத்தில் வாங்குங்கள். அவர் வைத்த லிங்கையும் தளத்தின் லிங்குகள் எழுதியிருக்கும் ரவுட் (route) கோப்பில் தேடி அழியுங்கள்.

மைக்ரேட் ஓட்டமுதல் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்து பென்ட்ரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முதல்நாள் இரவில் மட்டும் இந்த வேலையைத் தொடவேண்டாம்.