மகள் லாபியிஸ்ட் ஆகப்போகிறேன் என்கிறாள்: மேரிலாந்து அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மகள் அரசியல் அறிவியல் படிக்கிறாள், வாஷிங்டனில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் யாரிடமாவது சில வருடம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் லாபியிங் (பணம் வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்காக அரசிடம் பேசும் வேலை) பக்கம் போவேன் என்கிறாள், "இது தரகு வேலைதானே, இதற்கா இவ்வளவு ஃபீஸ் கட்டினோம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஊரில் இது மறைத்துச் செய்கிற வேலை இல்லை. அரசிடம் முறையிடும் உரிமை அவர்கள் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. 1995-இல் வந்து 2007-இல் இறுக்கப்பட்ட சட்டப்படி, யாருக்காக, எவ்வளவு பணத்துக்கு, எந்த விஷயத்துக்காகப் பேசினோம் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். அதை நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஆனாலும் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மைக்கேல் டீவர் கதையை மகளிடம் சொல்லுங்கள். பின்னால் அமெரிக்க அதிபரான ரீகன் கலிபோர்னியா ஆளுநராக இருந்த காலத்திலிருந்தே அவரோடு இருந்தவர், வெள்ளை மாளிகையில் அதிபரின் தோற்றம், மேடை, கேமரா எல்லாம் அவர் பார்வையில்தான் நடந்தது. 1985 மே மாதம் வெளியே வந்து சொந்தமாக மக்கள் தொடர்பு நிறுவனம் தொடங்கினார். உள்ளே இருந்தபோது அமில மழைப் பேச்சுவார்த்தையில் இருந்தவர், வெளியே வந்ததும் அதே பிரச்சினையில் கனடாவுக்காகப் பேச 1,05,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். 1986 மார்ச்சில் டைம் பத்திரிகையின் அட்டையில், காருக்குள் போனைக் காதில் வைத்தபடி அவர் படம். விசாரணை வந்தது. 1987 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு, அதுவும் லாபி செய்ததற்காக இல்லை, யார் யாரோடு தொடர்புகொண்டார் என்பதில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதற்காக. நிறுத்திவைக்கப்பட்ட மூன்று வருடச் சிறை, ஒரு லட்சம் டாலர் அபராதம், 1,500 மணி நேரச் சமூக சேவை. பிறகு 1992-இல் எடெல்மன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்து மறுபடி எழுந்தார், அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அவர் விற்றது தன் தொலைபேசித் தொடர்புகளை என்றுதான் நான் பார்க்கிறேன். ஆட்சி மாறினால் அந்த எண்களுக்கு மதிப்பு இல்லை. மருத்துவக் காப்பீடோ விவசாய மானியமோ, ஒரு துறையின் சட்டத்தை வரிவரியாகத் தெரிந்தவளுக்கு எந்தக் கட்சி வந்தாலும் வேலை இருக்கும். அதனால் "எந்த அரசியல்வாதியிடம் சேரப்போகிறாய்" என்று கேட்காதீர்கள், "எந்தத் துறையைக் கற்கப்போகிறாய்" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் இன்னும் யோசிக்கட்டும்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை ஊழியர்களுக்குக் குறைந்தபட்சமே வருடத்துக்கு 45,000 டாலர் என்று 2022-இல்தான் வந்தது, வாஷிங்டன் வாடகைக்கு அது பற்றாது. முடிந்தால் முதல் இரண்டு வருடம் வாடகைக்குக் கை கொடுங்கள், இல்லையென்றால் பணத்துக்காகச் சீக்கிரமே தாவிவிடுவாள். அங்கே உயர்ந்த சம்பளத்தில் இருந்துவிட்டு விலகுகிறவர்கள் ஒரு வருடம் தங்கள் பழைய அலுவலகத்திடம் லாபி செய்யக் கூடாது என்பதையும் அவள் இப்போதே தெரிந்துவைத்திருக்கட்டும். வெளிநாட்டு அரசுக்காக வேலை என்றால் 1938-ஆம் வருடச் சட்டப்படி தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதில் கவனம் தப்பக் கூடாது.

துறையை முடிவு செய்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், கோடைப் பயிற்சிக்கு எந்த அலுவலகங்களில் விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.