ஏரிக்குக் கீழே மழை

அன்புள்ள சார்,

போன மாதம் ஒரு பதிலில் போகிறபோக்கில் நீங்கள் சொன்னதை நம்பி ‘ஹாலோ நைட்’ வீடியோ கேம் வாங்கினேன். மூன்று ராத்திரியாகச் சுற்றின இடத்தையே சுற்றுகிறேன். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை, மேப்பும் இல்லை. வேலை முடிந்து கிடைப்பதே ஒரு மணி நேரம். பாதி வழி தேடியே போகிறது. யூட்யூபில் வழி பார்த்து ஆடினால் தப்பா?

கே.

அன்புள்ள கே.,

தப்பில்லை. உங்கள் காசு, உங்கள் ராத்திரி. ஆனால் அதற்கு முன் ஒரு தடவை ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடிப் பாருங்கள். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடந்தால் நில்லுங்கள். பக்கத்தில் யாரோ தனக்குத்தானே முனகிப் பாடுவது கேட்கும். அவர்தான் கார்னிஃபர், மேப் வரைகிறவர். சத்தம் வரும் பக்கம் போனால் ஆள் அகப்படுவார். கொஞ்சம் ஜியோ (அந்த உலகத்துக் காசு) வாங்கிக்கொண்டு அந்தப் பகுதியின் மேப்பைத் தருவார். அதுவும் அரைகுறைதான். மேலே ஊரில் அவர் மனைவி இசெல்டாவின் கடையில் இறகுப் பேனா வாங்கினால்தான் நீங்கள் போய்வந்த அறைகள் அதில் ஏறும், அதுவும் ஆட்டத்தைச் சேமித்து இளைப்பாறும் பெஞ்சில் போய் உட்காரும்போது. நீங்கள் நிற்கும் இடம் தெரிய திசைகாட்டித் தாயத்து தனி. அதை மாட்டினால் வேறு தாயத்துக்கு இடம் குறையும்.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கறக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் சண்டைக்காகத் திசைகாட்டியைக் கழற்றியவன் மறுபடி மாட்டவே இல்லை. கிரீன்பாத் என்ற பகுதியின் திருப்பங்கள் அதற்குள் காலுக்குப் பழகியிருந்தன.

இந்த விளையாட்டில் ‘கண்ணீர் நகரம்’ என்று ஓர் ஊர் வரும். பூமிக்கு அடியில் இருக்கிறது, ஆனால் ஓயாத மழை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டேன். ரொம்ப நாள் கழித்து வேறேதோ வழியாக ஏறிப்போய் ஒரு நீல ஏரிக்கரையில் நின்றேன். மேப்பைத் திறந்தால் கீழே அந்த நகரம். ஏரிதான் ஒழுகிக்கொண்டிருக்கிறது! (இதைச் சொல்லி உங்களுக்குக் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள். யூட்யூபும் இதைத்தான் செய்யும்.)

குறையே இல்லை என்று சொல்லவில்லை. பெரிய எதிரியிடம் செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மறுபடி நடக்க வேண்டும். அதில் புதிதாகப் பார்க்க ஒன்றும் கிடையாது, வெறும் தண்டனை. 2017இல் இதை வெளியிட்ட அடிலெய்டின் டீம் செர்ரி விரல்விட்டு எண்ணக்கூடிய சின்னக் குழு. அந்தச் சலுகையை மற்றதற்கெல்லாம் தருவேன், இந்த நடைக்குத் தர மாட்டேன்.

ஒரு மணி நேரம்தான் என்றால் ‘க்னிட்’ ஆடுங்கள். ஸ்வீடன்காரர் நிக்லஸ் நிக்ரென் 2006இல் இலவசமாகக் கொடுத்தது. சண்டை கிடையாது, ஒரு குட்டிப் பிராணி சுவர் சுவராக ஏறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பிறகு ஹாலோ நைட்டுக்கே திரும்புங்கள். கிரீன்பாத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம்... வேண்டாம், நான் சொல்ல மாட்டேன்.