அரிசி விலை ஏறினா ஏழைங்க சோத்தை குறைச்சுக்குவாங்களா?

அப்படித்தான் நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பெரும்பாலும் சோறு குறையாது, சோத்துக்கு பக்கத்துல இருக்குறதுதான் காணாம போகும். சம்பாதிக்கிறதுல பாதிக்கு மேல சாப்பாட்டுக்கே போற வீட்டுல அரிசி விலை ஏறுறதும் கூலிய வெட்டுறதும் ஒண்ணுதான்.

இந்தோனேசியாவுல 1997-98ல நடந்தத பாருங்க. 1997 நடுவுல ஒரு டாலருக்கு சுமார் 2,400 ரூபியா (அந்த நாட்டு பணம்), ஒரு வருஷத்துக்குள்ள அது 15,000-ஐ தாண்டிடுச்சு, அதாவது அவங்க பணத்தோட மதிப்பு சரிஞ்சிடுச்சு, அதே நேரம் எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி மழை தவறுறது) வறட்சி வேற, அரிசி விலை எகிறிடுச்சு, வேலையும் போச்சு. மத்திய ஜாவா கிராமங்கள்ல ஆய்வு பண்ணப்போ என்ன தெரிஞ்சதுன்னா, சின்ன குழந்தைங்க எடை பெருசா குறையல, அதனால மேலோட்டமா பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு தோணும். ஆனா அரிசி வாங்கறதுக்காக முட்டையையும் கீரையையும் குறைச்சிருந்தாங்க, குழந்தைங்க ரத்தத்துல ஹீமோகுளோபின் இறங்கிடுச்சு, அம்மாக்கள் தன் பங்கை பிள்ளைக்கு குடுத்துட்டு மெலிஞ்சு போயிருந்தாங்க. இத படிச்சப்போ எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா எடை மெஷின்ல இது எதுவுமே தெரியாது.

வருமானம் கூடினா இது அப்படியே திரும்பும், முதல்ல வயிறு நிறையும், அப்புறம்தான் முட்டை, மீன், பழம்னு வரும். ஆனா பணம் மட்டும் போதாது, தண்ணி சுத்தமில்லாம அடிக்கடி வயித்தால போற குழந்தைக்கு என்ன குடுத்தாலும் உடம்புல ஒட்டாது.

அதனால விலைவாசி ஏறுறப்போ அரிசிய மட்டும் மலிவா குடுத்தா பத்தாது, கர்ப்பிணிகளுக்கும் சின்ன பிள்ளைங்களுக்கும் முட்டை, பருப்பு, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து போய் சேரணும்.