எந்த விழாவுக்கு அனுப்புவது? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பார்சிலோனாவில் வேலை பார்க்கிறேன். என் அறைத்தோழர் கொலம்பியாக்காரர். அவர் போகோட்டாவில் எடுத்த ஸ்பானிஷ் படத்துக்கு நான்தான் எடிட்டர். 82 நிமிடம், இருவருக்கும் முதல் படம். ரஃப் கட் (முதல் கட்ட எடிட்) தயார். ஒலியைச் சேர்க்கும் மிக்ஸிங்குக்கும், நிறத்தைச் சரிசெய்யும் டிஐக்கும் கையில் காசில்லை. கடன் வாங்கி முடித்துவிட்டு முப்பது ஸ்பானிஷ் விழாக்களுக்கு ஒரேயடியாக அனுப்பிவிடலாம் என்கிறார் அவர். சரிதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முப்பது வேண்டாம். கடனும் இப்போதைக்கு வேண்டாம்.

நானும் ஒரு குறும்படத்தை அப்படி அள்ளி இறைத்தவன்தான். மாதாமாதம் விருது தரும் ஒரு ‘சர்வதேச விழா’ மூன்று லாரல்களை (போஸ்டரில் ஒட்டும் இலைவளைய விருதுச் சின்னம்) மின்னஞ்சலில் அனுப்பியது. எந்தத் தியேட்டரில், என்றைக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். கோப்பைக்கான விலைப்பட்டியல் வந்தது. (லாரல்களைப் போஸ்டரில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) போன வருடம் எந்த அரங்கில் என்னென்ன படம் ஓடியது என்று காட்டாத விழாவுக்கு ஒரு யூரோகூடக் கட்டாதீர்கள்.

அப்புறம், ஸ்பானிஷ் விழா எல்லாம் ஒரே ரகம் இல்லை. சிட்ஜெஸ் பேய்ப்படம், அறிபுனை ஆட்களின் ஊர். ஹுவெஸ்காவில் குறும்படங்கள். இரண்டும் உங்களுக்கு ஆகாது. ஸ்பெயினின் பெரிய விழாவான சான் செபாஸ்டியனிலேயே ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கணக்கு. ‘நியூ டைரக்டர்ஸ்’ முதல், இரண்டாம் படங்களுக்கு; பிரீமியரை, அதாவது முதல் திரையிடலை, வேறு எங்கும் செலவழிக்காமல் வரவேண்டும். ‘ஹொரிசோன்டெஸ் லத்தீனோஸ்’ வேறு விழாக்களில் ஓடிய லத்தீன் அமெரிக்கப் படத்தையும் எடுத்துக்கொள்ளும், ஆனால் ஸ்பெயினில் ரிலீஸ் ஆகியிருக்கக் கூடாது. பிரீமியர் ஒரே ஒரு முறை. முப்பது இடத்துக்கு அனுப்பினால் எது முதலில் கூப்பிடுகிறதோ அங்கே அது போய்விடும்.

உங்களிடம் இருப்பது இன்னும் முடிக்கப்படாத படம். அதற்கென்றே ஒரு வாசல் இருக்கிறது. லத்தீன் அமெரிக்காவில் ஷூட்டிங் முடிந்து, பணமில்லாமல் எடிட் மேசையிலேயே கிடந்த படங்களுக்காக சான் செபாஸ்டியனும் பிரான்சின் தூலூஸ் விழாவும் சேர்ந்து 2002இல் ‘சினே என் கான்ஸ்ட்ருக்ஸியோன்’ தொடங்கின. ரஃப் கட்டைத் தயாரிப்பாளர்கள், விற்பனை முகவர்கள், விழாத் தேர்வாளர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். செபாஸ்டியன் லெலியோவின் ‘குளோரியா’ 2012இல் அங்கே முடிக்கப்படாத படமாகத்தான் போனது. அடுத்த பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் அதன் நாயகி பவுலினா கார்சியாவுக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது. சான் செபாஸ்டியனில் இப்போது அதன் பெயர் ‘விப் லாட்டம்’. அதன் இண்டஸ்ட்ரி விருது ரொக்கமல்ல. போஸ்ட் புரொடக்‌ஷன் கம்பெனிகளே உங்கள் மிக்ஸிங், டிஐயை ஏற்றுச் செய்துகொடுக்கும். நீங்கள் கடன் வாங்கி முடித்துவிட்டால் இந்த வாசல் அடைத்துவிடும்.

விழா செப்டம்பரில் என்றாலும் விண்ணப்பம் முன்னாலேயே மூடிவிடும். இது லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கான வாசல் என்பதால், தயாரிப்பு நிறுவனம் கொலம்பியாவில் பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே நண்பரிடம் கேளுங்கள். அங்கே இடம் கிடைக்காவிட்டால் கொலம்பியாவிலேயே கார்தஹேனா விழா இருக்கிறது. 1960 முதல் நடக்கும் விழா, கொலம்பியப் படத்தைச் சொந்த ஜனம் பார்க்கும் இடம். நானாக இருந்தால் அர்ஜென்டினாவின் புவனோஸ் அயர்ஸில் நடக்கும் சுயாதீனப் பட விழாவான பாஃபிசியைவிட அதைத்தான் முதலில் முயல்வேன்.

ரஃப் கட்டுக்கு ஆங்கில சப்டைட்டில் போட்டுவிடுங்கள், ஆனால் மெஷினை நம்பி விட்டுவிடாதீர்கள். போகோட்டாப் பக்கம் ‘சுமெர்செ’ என்று விளிப்பார்கள். மரியாதையும் ஒட்டுதலும் சேர்ந்த சொல். அம்மாவை ‘நீங்க’ என்று கூப்பிடும் வீட்டில் வளர்ந்திருந்தால் உங்களுக்கு அது சட்டென்று பிடிபடும். ஆங்கிலத்தில் வெறும் ‘யூ’ ஆகிவிடும் அந்த இடங்களை நண்பரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.